பட்டறைப் பதில்கள்: காரைத் தாழ்த்தினால் வளைவில் நிற்குமா?

போன இதழில் ஷாக் அப்சார்பர் மாற்றுவது பற்றி நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், கொங்கு நாட்டில் பாதிப் பேர் மலையேறிக்கொண்டும் மீதிப் பேர் ஸ்பிரிங் வாங்கிக்கொண்டும் இருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனியே எழுத நேரமில்லை. கோவை கணபதியில் என் பட்டறை ஷட்டரை எட்டரைக்குத் தூக்கியாக வேண்டும். ஆகவே இந்த மாதம் முழுக்க சஸ்பென்ஷன்தான், அதாவது சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே இருக்கும் ஸ்பிரிங், ஷாக் சமாச்சாரம். ஏ.சி., மைலேஜ் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல் வைத்திருக்கிறேன். மாதம் இரண்டு முறை வால்பாறை போவேன். வளைவுகளில் வண்டி சாய்வது பிடிக்கவில்லை. 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் செட் வாங்கிப் பழைய ஷாக்கிலேயே மாட்டலாம் என்று இருக்கிறேன். நண்பர்கள் உயரம் மாற்றக்கூடிய காயிலோவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தே வரும் செட்) போடச் சொல்கிறார்கள். எது சரி?
— பொள்ளாச்சி வாசகர்

தம்பி, இரண்டையும் வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளந்து பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் எவ்வளவு என்று இருக்கும். அப்படியே டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களையும் படியுங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2318 என்று இருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் பிறந்த டயர். பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அதற்கு வயதாகிவிட்டது, ரப்பர் கட்டையாகிவிட்டது. கட்டையான டயரின் மேல் என்ன ஸ்பிரிங் போட்டாலும் அது ஆழியாறு தாண்டி முதல் வளைவிலேயே கத்தும்.

இப்போது 40 மி.மீ. கதைக்கு வருகிறேன். உங்கள் வண்டியின் முன்பக்கத்தில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கின்றன. கீழே லோயர் ஆர்ம் ஒன்று சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. 1940களில் ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய அமைப்பு இது. இடம் குறைவு, செலவு குறைவு. அதனால்தான் உலகத்துச் சின்னக் கார்களில் பெரும்பாலானவை இதையே வைத்திருக்கின்றன. இதற்கு ஒரு குணம் உண்டு. லோயர் ஆர்மின் சக்கரப் பக்க முனை சற்றுத் தாழ்ந்திருக்கும்வரை எல்லாம் நன்றாக நடக்கும். வண்டியைத் தாழ்த்தினால் அந்த முனை மேலே ஏறிக்கொள்கிறது. வண்டியின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, நீங்கள் உடலை இறக்கிய அளவைவிட அதிகமாகக் கீழே போய்விடுகிறது. உடலின் எடை மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் சாய்க்கும் நெம்புகோல். அது நீண்டுவிட்டது. ஆக, சாய்வைக் குறைக்கத் தாழ்த்திய வண்டி முன்னைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். புது ஸ்பிரிங்கின் விறைப்பு அதை மூடி மறைக்கும், அவ்வளவுதான். இதோடு, சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் தரையில் தட்டையாக ஊன்றுவதற்கு ஆர்ம் செய்துவந்த உதவியும் குறைந்துவிடும்.

இன்னொரு கணக்கு. குழியில் இறங்கும்போது சக்கரம் மேலே எழ ஒரு 80 மி.மீ. இடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 40ஐ நீங்கள் எடுத்துவிட்டீர்கள். ஒரே அடியைப் பாதி இடத்தில் வாங்கி முடிக்க வேண்டுமானால் ஸ்பிரிங் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் வாங்கிவைக்கும் சக்தி, அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கடையில் விற்கும் தாழ்த்தும் ஸ்பிரிங் நான்கு மடங்கு விறைப்பில் வராது. வந்தால் உங்கள் இடுப்பு தாங்காது. ஆக, மிச்ச அடியை யார் வாங்குவது? ஷாக் தண்டில் கோத்திருக்கும் பம்ப் ஸ்டாப்பர் என்ற ரப்பர் தடுப்பு. இது நேர்ச்சாலையில் நடந்தால் ‘டங்’ என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. வளைவின் நடுவில், எடை முழுவதும் வெளிப்பக்க முன்சக்கரத்தில் இருக்கும்போது நடந்தால், அந்த மூலை ஒரு நொடியில் ஸ்பிரிங் இல்லாத கட்டைவண்டி ஆகிவிடும். டயர் பிடி விடும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பியபடியே இருக்க, வண்டி நேராகப் போகும். வால்பாறை சாலையில் நேராகப் போனால் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ. நாற்பதைக் கழித்தால் 123. நான்கு பேர் ஏறி டிக்கியில் பையும் வைத்தால் அதிலும் குறையும். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் மெத்தையாக ஏறி இறங்கலாம். விபத்து நடந்த மறுநாள் ஊர்க்காரர்களே கூடிப் போடும் வேகத்தடைக்கு அந்த விதி தெரியாது.

என்னிடம் கொண்டுவந்தால் நான் போகும் வரிசை இது. முதலில் டயர். அடுத்து லோயர் ஆர்மை வண்டியோடு இணைக்கும் ரப்பர் புஷ், சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட், ஷாக்கின் தலையில் இருக்கும் மவுண்ட். இவற்றில் ஆட்டம் இருந்தால் வேறு எதையும் தொட மாட்டேன். பிறகு நல்ல ஷாக், நான்கும் ஒரே சமயத்தில். இவ்வளவும் முடித்து ஒரு மாதம் ஓட்டுங்கள். பலர் இங்கேயே திருப்தியாகி நின்றுவிடுவார்கள். இன்னும் சாய்வு உறுத்தினால் அந்த ஷாக்குக்கு ஏற்ற ஸ்பிரிங், 20 மி.மீ. இறக்கம், மிஞ்சினால் 25. பழைய ஷாக்கில் புது ஸ்பிரிங் வேண்டாம். பழைய ஸ்பிரிங் துள்ளும் வேகத்துக்கு அளந்து அதற்குள் எண்ணெய்த் துளை வைத்திருக்கிறார்கள். விறைப்பான ஸ்பிரிங்கை அதனால் அடக்க முடியாது.

காயிலோவர் கெட்ட பொருள் அல்ல. ஆனால் அதை வாங்குகிறவர்களில் பலர் உயரத் திருகை மட்டும் திருகுகிறார்கள். நம் மழைக்கும் சேற்றுக்கும் அந்தத் திருகு மரை இரண்டு வருடத்தில் இறுகிவிடுகிறது. வாங்கினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவி, துடைத்து, மரையில் கிரீஸ் தடவும் பொறுமையையும் சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்தால் காசு செலவில்லாமல் வண்டி இறங்கிவிடுமே?
— கரூர் வாசகர்

இறங்கும். நானே வெட்டியிருக்கிறேன். 1991இல், இருபத்திரண்டு வயதில், என் பழைய பிரீமியர் பத்மினியின் முன் ஸ்பிரிங் இரண்டையும் கேஸ் கட்டரால் அறுத்தேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் கல்லாறு வழியாகக் குன்னூர் போனேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் முன்பக்கம் அடித்துக்கொண்டே வந்தது. திரும்பி வந்து ஜாக்கி ஏற்றினால், ஸ்பிரிங் அதன் கிண்ணத்தில் உட்காராமல் தொளதொளவென்று நிற்கிறது. கையால் சுழற்றினேன், சுழன்றது. “வெட்டிய துண்டு பத்திரமாக இருக்கிறதா? ஒட்டவைத்துவிடலாமா?” என்று அப்போதுதான் கேட்டார். அந்த மாதச் சம்பளத்தில் புது ஸ்பிரிங் வாங்கினேன்.

தீயில் அறுத்தால் அந்த முனையின் பதம் போய்விடும். நாளாக ஆகத் தொய்யும். விறைப்பும் நீங்கள் விரும்பியபடி கூடாது. அமுங்கும் சுற்று ஆறு இருந்து ஒன்றை எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு விறைப்புத்தான் கூடும். அதே ஸ்பிரிங்கில் கம்பியின் தடிப்பு 12 மி.மீட்டரில் இருந்து 13 ஆனால் விறைப்பு 38 சதவீதம் கூடும். தடிப்பின் நான்காம் அடுக்குக்கு இருக்கும் பலம் அது. ஸ்பிரிங் செய்கிறவர்கள் கால் மி.மீ., அரை மி.மீ. என்று கணக்குப் பார்ப்பது அதனால்தான். கேஸ் கட்டருக்கு அந்தக் கணக்கு வராது.

கேள்வி: லோயர் ஆர்ம் புஷ் மாற்றி 8,000 கி.மீ.கூட ஆகவில்லை, மறுபடி கிழிந்துவிட்டது. இரண்டு முறை கம்பெனிப் பொருள்தான் போட்டேன். வண்டியை 25 மி.மீ. தாழ்த்தியிருக்கிறேன். பொருளில் கோளாறா?
— ஈரோடு வாசகர்

பொருளில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. மாட்டிய விதத்தில் இருக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மெக்கானிக்குகளே இதில் தவறுகிறார்கள்.

ஒரு புது புஷ்ஷைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழல், இரண்டுக்கும் நடுவே ரப்பர். ரப்பர் சும்மா செருகி வைத்ததல்ல. இரண்டு இரும்போடும் பிரிக்க முடியாதபடி ஒட்டவைத்தது. போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் வண்டியின் சட்டத்தோடு கட்டுண்டுவிடும், அசையாது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது எதுவும் உருளுவதில்லை. ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது, பிறகு அவிழ்ந்துகொள்கிறது.

பட்டறையில் என்ன நடக்கிறது? வண்டி லிஃப்ட்டில் நிற்கிறது. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. ஆர்ம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது. பையன் நியூமேடிக் கன்னை எடுத்து அந்த நிலையிலேயே ‘டர்ர்’ என்று இறுக்கிவிடுகிறான். வண்டி கீழே இறங்கியதும் ஆர்ம் படுக்கை நிலைக்கு வருகிறது. அதாவது, வண்டி சும்மா வாசலில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய துணிபோல இருக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் இன்னும் முறுக்கு. இரவு பகல் ஓய்வில்லாத ரப்பர் எத்தனை நாள் தாங்கும்?

உங்களுக்கு இன்னொன்றும் நடந்திருக்கலாம். ஸ்பிரிங் மாற்றி 25 மி.மீ. இறக்கியபோது அந்தப் போல்ட்டைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். பழைய உயரத்துக்கு இறுக்கிய புஷ் புது உயரத்தில் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது முறை போடும்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். போல்ட்டைக் கையால் முடுக்கி விடட்டும். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் நான்கு முறை உருட்டி, பானட்டை இரண்டு தடவை அமுக்கி விடட்டும். பிறகு குழி மேல் நிறுத்தியோ, லோயர் ஆர்மின் அடியில் முட்டுக் கொடுத்து வண்டியின் எடையை அதன்மேல் ஏற்றியோ, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கட்டும். இதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் இருபது நிமிடம். தர மாட்டேன் என்று சொல்லும் பட்டறைக்கு அடுத்த தடவை போகாதீர்கள்.

கேள்வி: ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் வளையம் போட்டால் வண்டி உயரும், சாய்வும் குறையும் என்கிறார்களே?
— மதுரை வாசகர்

இரண்டும் உண்மை. ஸ்பிரிங்கின் ஒரு சுற்றைக் கட்டிப்போட்டுவிட்டு, மிச்சச் சுற்றுகளிடம் “நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வதுதான் அந்த வளையம். தொய்ந்த ஸ்பிரிங்குக்கு ஊன்றுகோல். வளையம் கடிக்கும் இடத்தில் பெயிண்ட் உரிந்து துருப்பிடிக்கும்; ஸ்பிரிங் பெரும்பாலும் அங்கேதான் முறியும். ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், ஜோடியாக.

கேள்வி: என் கணவர் மென்மை–கடினம் மாற்றக்கூடிய ஷாக் நான்கு வாங்கிப் போட்டார். மாட்டிக்கொடுத்தவர்கள் “ஸ்போர்ட்டாக இருக்கட்டும்” என்று நான்கையும் முழுக் கடினத்தில் வைத்துவிட்டார்கள். ஏற்காட்டுச் சாலையில் வண்டி வளைவில் குதித்துக் குதித்து வெளியே நகர்கிறது. அதிகம் ஓட்டுவது நான்தான். எப்படிச் சரிசெய்வது?
— சேலத்திலிருந்து ஒரு வாசகி

அம்மா, கடினத்தை ஸ்போர்ட் என்று நினைப்பது எங்கள் தொழிலின் பழைய நோய். சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும்தான் டயருக்குப் பிடி. குதிக்கிற டயருக்கு ஏது?

இந்த ஷாக்குகளில் ஒரே திருகு இருந்தால் அது பெரும்பாலும் ஸ்பிரிங் அமுங்கிய பிறகு நீளும் வேகத்தைத்தான் கட்டுப்படுத்தும். அதை முழுக்க இறுக்கினால் என்ன ஆகும்? முதல் மேட்டில் சக்கரம் மேலே போகிறது. கீழே இறங்க அவகாசம் கிடைப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. ஒவ்வொரு மேட்டிலும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, கடைசியில் பம்ப் ஸ்டாப்பரில் வந்து நிற்கிறது. நெடுஞ்சாலைச் சந்திப்புக்கு முன் வெள்ளைக் கோடுகளாக வரிசையாகப் போட்டிருப்பார்களே, அதன்மேல் போகும்போது வண்டி வரவர இறுகுவதுபோல் தோன்றினால் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது. ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். டயர் காற்றைக் காலையில் கதவுச் சீட்டுப்படி சரிசெய்யுங்கள். ஒவ்வொரு ஷாக் திருகையும் முழுக் கடினம்வரை மெதுவாகத் திருப்புங்கள். முட்டியதும் வலுக்கட்டாயம் வேண்டாம், உள்ளே ஊசி கெடும். அதுதான் பூச்சியம். அங்கிருந்து பின்னோக்கி ‘டிக், டிக்’ என்று எண்ணியபடி முழு மென்மைவரை வாருங்கள். மொத்தம் எத்தனை டிக் என்று எழுதுங்கள். நான்கிலும் எண்ணிக்கை ஒன்றாக வராவிட்டால் அந்த ஷாக்கைக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

இப்போது நான்கும் முழு மென்மை. வீட்டுக்கு அருகே ஆளரவமற்ற சாலையில் ஒரே ஒரு மேடு, ஒரே வேகம்; முப்பது போதும். மேட்டைத் தாண்டியதும் வண்டி எழும், அமுங்கும், மறுபடி எழும். எத்தனை முறை என்று எண்ணுங்கள். இரண்டு டிக் இறுக்குங்கள். மறுபடி அதே மேடு. எழுந்து, ஒரு முறை அமர்ந்து, அங்கேயே அமைதியாகும் இடம் ஒன்று வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. முன்னால் என்ஜின் எடை இருக்கிறது, பின்னால் காற்றும் உங்கள் பையும். பிறகுதான் ஏற்காடு.

மலையில் எல்லா வளைவையும் சோதிக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் தரை கொஞ்சம் கெட்டிருக்கும் வளைவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் அங்கே வண்டி என்ன செய்தது என்று மட்டும் எழுதுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்; முன்னையும் பின்னையும் ஒரே நாளில் தொட்டால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது. வேகமும் வேண்டாம். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலைச்சாலை மரியாதை.

இன்னொரு சின்னத் தந்திரம். ஷாக் தண்டின் மேல் தூசி உறையைத் தூக்கிவிட்டு ஒரு நைலான் பட்டியை (கேபிள் டை) இறுக்கமாக மாட்டி, ஷாக்கின் உடல்வரை கீழே தள்ளி வையுங்கள். ஷாக் அமுங்கும்போது அது மேலே தள்ளப்பட்டு அங்கேயே நின்றுவிடும். மலை ஏறி இறங்கி வந்து பார்த்தால், சக்கரம் அதிகபட்சம் எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று தெரியும். அந்தப் பட்டி பம்ப் ஸ்டாப்பரில் போய் ஆழமாகப் பதிந்திருந்தால் டிக் திருகி மட்டும் பயனில்லை. ஸ்பிரிங் போதவில்லை அல்லது வண்டி மிகவும் தாழ்ந்திருக்கிறது. உங்கள் கணவரிடம் இதைக் காட்டிவிட்டுப் பிறகு பேசுங்கள்.

கேள்வி: செட்டிபாளையம் கரி ஸ்பீடுவேயில் பந்தயக் கார்களின் முன்சக்கரம் மேலே உள்நோக்கிச் சாய்ந்திருந்ததைப் பார்த்தேன். என் போலோவுக்கும் கேம்பரை மூன்று டிகிரி வைக்கலாமா?
— திருப்பூர் வாசகர்

அந்தக் கார்கள் 2.1 கி.மீ. தடத்தில் வளைந்து வளைந்து ஓடிவிட்டு லாரியில் ஏறி வீட்டுக்குப் போகும். நீங்கள் திருப்பூரில் இருந்து சென்னைக்கு நேராக ஓட்டுவீர்கள். மூன்று டிகிரியில் டயரின் உள்ளோரம்தான் தரையில் இருக்கும். பிரேக் அடித்தால் பிடியும் குறையும். தெருவில் ஓட ஒரு டிகிரிக்குள் நில்லுங்கள். மிகவும் ஆசைப்பட்டால் ஒன்றரை. இடமும் வலமும் ஒன்றாக இருப்பது அதைவிட முக்கியம்.

கேம்பர் என்ற அந்தச் சாய்வைவிட டயரைத் தின்பது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. கணக்கைப் பாருங்கள்: ஒரு சக்கரத்தின் ரிம் முன்னோரத்துக்கும் பின்னோரத்துக்கும் நடுவே 400 மி.மீ. இருக்கிறது, அதில் 4 மி.மீ. உள்ளே திரும்பியிருக்கிறது என்றால் நூற்றில் ஒன்று. நீங்கள் ஒரு கிலோமீட்டர் போகும்போது அந்த டயர் பத்து மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே வருகிறது. கையால் தடவினால் ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் ரம்பப் பல். ஸ்பிரிங் மாற்றி உயரம் மாறினால் டோவும் தானாக மாறும் என்பதால், அன்றே அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. புது ஸ்பிரிங் உட்கார்ந்ததும், ஐந்நூறு கி.மீ. கழித்து, இன்னொரு முறை.

கம்ப்யூட்டர் மிஷின் இல்லாத காலத்தில் நாங்கள் தூண்டில் நரம்பில் பார்த்தோம். இன்றும் சந்தேகம் வந்தால் நான் அதைத்தான் எடுக்கிறேன். வண்டியின் இரு பக்கமும், சக்கர மைய உயரத்தில், இரண்டு நரம்புகளை ஒன்றுக்கொன்று இணையாக இழுத்துக் கட்டுவோம். முன்சக்கரங்களின் அடியில் கிரீஸ் தடவிய இரண்டு பாலித்தீன் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்போம். சக்கரம் எடையோடு இருந்தபடியே வழுக்கித் தன் இயல்பான இடத்துக்குப் போய்விடும். ஸ்டியரிங் நேராக. பிறகு இரும்பு ஸ்கேலால் நரம்பில் இருந்து ரிம்மின் முன்னோரம், பின்னோரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ. அரை மி.மீ. வரை படிக்கலாம், கண் நன்றாக இருந்தால். என் கண் இப்போது அவ்வளவு நன்றாக இல்லை. பையனைப் படிக்கச் சொல்கிறேன்.

அளக்கும்போது வழக்கமாக ஓட்டுகிற ஆள் இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எண்பது கிலோ ஆள் ஏறினால் எண் மாறுகிறது, கண்ணால் பார்க்கலாம்.

கேள்வி: பொலேரோவின் பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாக வைத்தால் நெடுஞ்சாலையில் ஆட்டம் குறையுமா?
— நாமக்கல் வாசகர்

லாரிக்குக் கூண்டு கட்டுகிற ஊரில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்கள்! தினமும் சுமை ஏற்றினால் வையுங்கள். காலியாக ஓடினால் வைக்காதீர்கள்; பின்சக்கரம் கோழிபோலக் குதிக்கும், மழையில் பிரேக் அடித்தால் பின்பக்கம் சுற்றும். ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் பட்டையின் முனையைப் பிடித்திருக்கும் ஷாக்கிள் புஷ்ஷின் தேய்மானமும், பட்டையை அச்சோடு கட்டும் யு-போல்ட் தளர்ந்திருப்பதும்தான். அவற்றை முதலில் பாருங்கள்.

கேள்வி: ஸ்பிரிங் மாற்றினால் சட்டச் சிக்கல் வருமா?
— திருச்சி வாசகர்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கும் பதிவுச் சான்றில் இருப்பதற்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. தேய்ந்த ஷாக்குக்கு அதே அளவில் நல்ல ஷாக் போடுவது பராமரிப்பு. வண்டியின் உயரத்தையே மாற்றுவதாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு 74 வயது. முப்பது வருடம் அம்பாசடர் ஓட்டினேன். அது இன்னும் கொட்டகையில் நிற்கிறது. மகன் வாங்கிய புதுக் காரில் பத்து மைல் போனால் முதுகு வலிக்கிறது. அவன் முன் ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக மாற்றி, டயரில் 38 பாயிண்ட் காற்று வைத்திருக்கிறான். “அப்போதுதான் வண்டி ரோட்டைப் பிடிக்கும்” என்கிறான். உண்மையா?
— காரைக்குடி வாசகர்

ஐயா, உங்கள் முதுகு சொல்வதுதான் உண்மை. பழைய அம்பாசடரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீளமான இரும்புத் தண்டு ஒன்று முறுக்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்யும். 5.90-15 டயர், அதன் பக்கச் சுவரே ஒரு மெத்தை. எடையும் அதிகம். எல்லாம் சேர்ந்து நிதானமாக அசைந்தது.

அந்த அசைவுக்கு ஓர் அளவு உண்டு. வண்டியின் எடையால் ஸ்பிரிங் 25 செ.மீ. அமுங்கினால் உடல் நொடிக்கு ஒரு முறை அசையும், 11 செ.மீ. என்றால் ஒன்றரை முறை, 6 செ.மீ. என்றால் இரண்டு. ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் மனித உடம்பு சுகமாக இருக்கிறது. இரண்டைத் தாண்டினால் பந்தயம், இல்லாவிட்டால் மாட்டு வண்டி.

மகன் முன்னால் மட்டும் விறைப்பாக்கியது பெரிய தப்பு. ரோல்ஸ்-ராய்ஸில் இருந்து அமெரிக்காவுக்குப் போன மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் இதை ஆராய்ந்தார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்சக்கரம் சற்றுத் தாமதமாக ஏறும். பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக அசைந்தால், தாமதமாகத் தொடங்கியது ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒன்றாக எழுந்து ஒன்றாக அடங்கும். உங்கள் வீட்டுக் காரில் அது தலைகீழாகிவிட்டது. முன்னும் பின்னும் ஊஞ்சல் பலகைபோல ஆடுகிறது. அந்த ஆட்டம்தான் முதுகில் இறங்குகிறது. அது முன்சக்கர இழுவைக் கார் என்றால் இன்னொரு பிழையும் சேர்ந்திருக்கும்: முன்பக்கத்தை மட்டும் விறைத்தால் வளைவில் முன்டயர்தான் முதலில் பிடி விடும். ரோட்டைப் பிடிக்கச் செய்த வேலை, பிடியைக் குறைத்திருக்கிறது.

பழைய முன் ஸ்பிரிங்குகள் வீட்டில் கிடந்தால் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். காற்றைக் கதவுச் சீட்டில் உள்ள அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். இதற்குக் காசு கிடையாது, இன்றைக்கே செய்யலாம்.

அந்த அம்பாசடரை விற்கும் எண்ணம் எப்போதாவது வந்தால், தரகரிடம் சொல்வதற்கு முன் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.